கடைசி ஊசிக்குப் பிறகு: அரிய பரம்பரை நோய்களும் மருந்துச் சோதனைகளும்

‘கிளினிக்கல் ட்ரயல்’ என்று பரவலாக அழைக்கப்படும் மருந்துச் சோதனை, ஒரு மருந்து வேலை செய்கிறதா, செய்தால் எந்த அளவுக்கு, எந்தத் தீங்கோடு என்பதை மனிதர்களிடம் முறைப்படி ஆராயும் ஆய்வாகும். ஆய்வுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. பிறவியோடு வந்த நோய்க்கு அப்படியொரு முடிவுத் திகதி கிடையாது. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் குடும்பமொன்றில் பிள்ளைக்கு அரிய பரம்பரை அனுசேப நோய் உறுதியாகும்போது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள சொந்தங்கள் வெளிநாட்டுச் சோதனைகளைப் பற்றிய செய்திகளைத் தேடித்தேடி அனுப்புவதும், பிள்ளையை எப்படியாவது அதில் சேர்த்துவிட முடியாதா என்று வீடு முழுவதும் தவிப்பதும் இயல்பே. எனினும் சேர முடியுமா என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சோதனையின் கடைசி ஊசி போடப்பட்ட பிறகு, அடுத்த ஊசி யாருடைய செலவில், எந்த நாட்டில் கிடைக்கும் என்பதே அது. இந்த நோய்களின் இயல்பையும், இவற்றுக்கான சோதனைகள் கடந்த 30 ஆண்டுகளில் நடந்த விதத்தையும் பார்த்தால், அந்தக் கேள்விக்கு ஏன் முதலிடம் தர வேண்டும் என்பது விளங்கும்.

அடைபட்ட சந்தி

உண்ட உணவை உடல் உடைத்துச் சக்தியாகவும் தசையாகவும் மாற்றி, எஞ்சிய கழிவை வெளியேற்றும் இரசாயன வேலைகள் அனைத்தையும் சேர்த்தே அனுசேபம் என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை வளர்சிதை மாற்றம் என்று எழுதும். இந்த வேலையின் ஒவ்வொரு படியையும் ஒரு நொதியம் நடத்துகிறது. அந்த நொதியத்தைச் செய்வதற்கான குறிப்பு பரம்பரை அலகில் இருக்கிறது. குறிப்பில் பிழை நேர்ந்தால் அந்தப் படி நின்றுவிடுகிறது. காலையில் கோட்டைப் பக்கம் போகும் வாகனங்களுக்கு வெள்ளவத்தையில் காலி வீதி அடைபட்டால், பின்னால் தெஹிவளை வரை வாகனங்கள் குவியும், முன்னால் பம்பலப்பிட்டி வெறிச்சோடும், பொறுமை இழந்தவர்கள் குறுக்கு ஒழுங்கைகளுக்குள் நுழைந்து அங்கும் நெரிசலை உண்டாக்குவார்கள். அனுசேப நோய்களிலும் தீங்கு இந்த மூன்று வழிகளிலேயே நேர்கிறது: உடைக்கப்படாத பொருள் தேங்குகிறது, அதற்கு அடுத்து உருவாக வேண்டிய பொருள் கிடைக்காமல் போகிறது, தேங்கியது பக்கவழியில் திரும்பி நஞ்சாகிறது. எந்த நொதியம் எந்தப் படியில் நின்றது என்பதைப் பொறுத்தே நோய் வேறுபடுவதால், தனித்தனியாக எண்ணினால் மிக அரியவையாக உள்ள இந்நோய்கள் வகையால் பல நூறாக இருக்கின்றன.

பெரும்பாலானவை பின்னிடைவு முறையில் கடத்தப்படுகின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக, பரம்பரை அலகின் பழுதுபட்ட இரண்டு பிரதிகளும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஒரேயொரு பழுதுபட்ட பிரதியைச் சுமக்கும் பெற்றோர் நலமாகவே இருப்பர். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1902 இல் லண்டன் வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கேரோட், சிறுநீர் காற்றுப்பட்டுக் கறுக்கும் அல்கப்ரொனூரியா என்ற நோயை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதர உறவினர்கள் என்பதைக் கவனித்தார். பிறவியிலேயே அனுசேபத்தில் பிழை நேரலாம் என்ற கருத்து அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது. முறை மச்சானும் மச்சாளும் மணம் முடிக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்துவருவதால், இந்தச் செய்தி நம் சமூகத்துக்குத் தொலைவானதல்ல. நெருங்கிய உறவினர் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பழுதுபட்ட பிரதியைப் பெற்றிருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். யாருடைய குற்றமும் இதில் இல்லை, ஆனால் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும்போது பரம்பரையியல் ஆலோசனை பெறுவதற்கு இது போதிய காரணம்.

களைக்கொல்லியிலிருந்து வந்த மாத்திரை

கேரோட் ஆராய்ந்த அதே நோயின் பிற்கால வரலாறு, மருந்துச் சோதனையைப் பற்றிக் குடும்பமொன்று அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருக்கிறது. 1977 இல் கலிபோர்னியாவில் களைக்கொல்லி நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர், செம்பட்டுத் தூரிகை போன்ற பூக்களையுடைய கலிஸ்டெமன் செடியின் அடியில் களை குறைவாக முளைப்பதைக் கண்டார். அச்செடி வெளிவிடும் பொருளைப் பின்பற்றிப் பல இரசாயனங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று நிற்றிசினோன். அதைப் பரிசோதனை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கண்மணியின் முன்படலம் பாதிக்கப்பட்டது. காரணத்தைத் தேடியபோது, தைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் பாதையில் ஒரு நொதியத்தை இந்தப் பொருள் நிறுத்திவிடுவதும், அதனால் இரத்தத்தில் தைரோசின் ஏறுவதும் தெரியவந்தது.

தைரோசினீமியா முதலாம் வகை என்ற நோயில் அதே பாதையின் பிந்திய படி ஒன்று பழுதாகி, ஈரலை அழிக்கும் நஞ்சு தேங்குகிறது. பாதையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நஞ்சு உருவாகாதல்லவா என்ற எண்ணத்தோடு சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் ஸ்வென் லின்ட்ஸ்டெட்டும் அவருடைய குழுவினரும் அந்த மருந்தை ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 1992 இல் பலனை வெளியிட்டனர். போலி மருந்து பெறும் ஒப்பீட்டுக் குழு ஒன்றும் அதில் இருக்கவில்லை. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை விட்டால் வேறு வழியற்று இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் பாதிப்பேருக்குப் போலி மருந்து கொடுப்பதை யாரும் நியாயப்படுத்தியிருக்க முடியாது. பலனும் ஒப்பீட்டுக் குழு தேவைப்படாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அல்கப்ரொனூரியாவில் நிலைமை வேறு. அது மெதுவாக வளரும் நோய். தைரோசின் உடைபடும் அதே பாதையில் உருவாகும் ஹோமோஜென்ரிசிக் அமிலம் என்ற பொருள் பல ஆண்டுகளாகக் குருத்தெலும்பில் படிந்து, நடுவயதில் முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் சிதைக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 40 பேரிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட சோதனையில், நிற்றிசினோன் அந்த அமிலத்தைப் பெருமளவு குறைத்தும், இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதையே முதன்மை அளவாக வைத்திருந்தபடியால் மருந்தின் பயனை நிறுவ முடியாமற்போனது. மருந்து வேலை செய்தும் சோதனை தோற்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அடுத்த முயற்சி லிவர்பூலில், வைத்தியர் லக்ஷ்மிநாராயண் ரங்கநாத்தின் தலைமையில் நடந்தது. 2014 இல் ஆட்சேர்ப்புத் தொடங்கிய அந்தச் சோதனையில் 138 நோயாளிகள் லிவர்பூல், பாரிஸ், சுலோவாக்கியாவின் பியெஷ்ச்யானி ஆகிய மூன்று நிலையங்களில் சேர்க்கப்பட்டு, 69 பேர் தினமும் 10 மில்லிகிராம் நிற்றிசினோனும், மற்றைய 69 பேர் மருந்து ஏதுமின்றியும் நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை வைத்தியரோ நோயாளியோ தெரிவுசெய்யவில்லை, எழுமாறாகவே பிரிக்கப்பட்டனர். தங்கள் விருப்பு வெறுப்பு கணக்கைக் கெடுத்துவிடாமல் இருப்பதற்காக ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறை இது. ஓராண்டின் முடிவில் மருந்து பெற்றவர்களின் சிறுநீரில் அந்த அமிலம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. நோயின் ஒட்டுமொத்தப் போக்கும் மருந்து பெறாதோரைவிட மெதுவானது. 2020 இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்நோய்க்கு இம்மருந்தை அனுமதித்தது. மருந்து பெற்றவர்களில் சிலருக்குக் கண்மணியின் முன்படலம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியது: பல ஆண்டுகளுக்கு முன் எலியின் கண்ணில் கண்டது மனிதரிடமும் வந்தது. விலங்குகளிடம் கண்ட தீங்கைப் பங்குபற்றுவோருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற விதியின் பெறுமதி இங்கே தெரிகிறது.

இந்த வரலாற்றில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. சுலோவாக்கியாவில் இந்நோய் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்ற உயர் வீதத்தில் காணப்படுவதால் அங்கே ஒரு நிலையம் அமைந்தது. அதே 2014 இல் வெளியான ஆய்வொன்று, தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் ஆராயப்பட்ட 41 பேருள் 16 பேரிடம் இதே நோயைக் கண்டது. சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமும், முன்னோர் ஒருவரிடமிருந்து பரவிய ஒரே பிறழ்வும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. ஆனால் சோதனையின் மூன்று நிலையங்களும் ஐரோப்பாவிலேயே இருந்தன. நோய் எங்கே செறிந்திருக்கிறது என்பதைவிட, நோயாளிகள் எங்கே எண்ணப்பட்டு, பதியப்பட்டு, சங்கமாகத் திரண்டிருக்கிறார்கள் என்பதே சோதனை நடைபெறும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

‘வேலை செய்கிறது’ என்றால் என்ன

மருந்து வேலை செய்கிறது என்ற செய்தியைக் குடும்பம் கேட்கும்போது குணமாகிவிடும் என்றே அது காதில் விழுகிறது. ஆய்வு அறிக்கை அந்தச் சொற்களால் கருதுவது வேறு. கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை உடைக்கும் நொதியம் இல்லாமையால் தசைகள் நலியும் பொம்பே நோயில், இல்லாத நொதியத்தை வெளியே தயாரித்து இரு வாரங்களுக்கு ஒருமுறை நாளத்தினூடாக ஏற்றும் சிகிச்சை 2006 இல் அனுமதி பெற்றது. ஆறு மாத வயதுக்கு முன்பே சிகிச்சை தொடங்கப்பட்ட 18 கைக்குழந்தைகளை உள்ளடக்கிய சோதனையில், சிகிச்சையில்லாவிட்டால் ஓராண்டுக்குள் பெரும்பாலானவை இறந்துவிடும் என்ற நிலையில், 18 குழந்தைகளும் 18 மாத வயதைக் கடந்தன. அதே மருந்தை நோய் பிந்தித் தோன்றிய 90 பேரிடம் சோதித்து 2010 இல் வெளியிட்டபோது, 78 வாரங்களின் பின் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு சுமார் 28 மீற்றர். புள்ளிவிபரப்படி அது மெய்யான பயன். நோயாளி ஒருவருக்கு அது மதிப்புள்ளதாகவும் இருக்கும். ஆனால் படுக்கையிலிருந்தவர் எழுந்து ஓடுவார் என்பது அதன் பொருளல்ல. எதை அளக்கிறார்கள், அந்த அளவு பிள்ளையின் அன்றாட வாழ்க்கையில் எதைக் குறிக்கும் என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

மருந்தே இல்லாத ஆய்வுகளும் மருந்துக்கு வழி திறக்கின்றன. சிகிச்சை பெறாதபோது ஒரு நோய் எந்த வயதில் எதைப் பறிக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்வதை இயல்பு வரலாற்று ஆய்வு என்பர். குழந்தைகளின் நடையையும் பேச்சையும் பார்வையையும் படிப்படியாகப் பறிக்கும் பேட்டன் நோயின் இரண்டாம் வகைக்கு, மூளைக்குள் நேரடியாக நொதியம் செலுத்தும் சிகிச்சை சோதிக்கப்பட்டபோது, அப்படிப்பட்ட பதிவு முன்பே இருந்தமையால் எந்தப் பிள்ளைக்கும் போலி மருந்து கொடுக்க நேரவில்லை. சிகிச்சை பெற்ற 23 பிள்ளைகள், முன்னர் சிகிச்சையின்றி வாழ்ந்த 42 பிள்ளைகளின் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டனர். கொழும்பிலிருக்கும் குடும்பமொன்றுக்கு மருந்துச் சோதனையின் கதவு மூடியிருந்தாலும், சர்வதேச நோயாளர் பதிவேடுகளும் இத்தகைய ஆய்வுகளும் திறந்திருக்கக் கூடும். பிள்ளையின் பெயர் எண்ணிக்கையில் ஏறுவதே நாளைய சோதனையில் ஓர் இடத்துக்கு முதற்படி.

ஒரே நகரம், இரண்டு முடிவுகள்

சம்மதம் என்ற விடயத்தைப் பேசும்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைத் தவிர்க்க முடியாது. புரதம் உடைபடும்போது உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றும் சுற்றுப்பாதையில் ஒரு நொதியம் பழுதான நோயோடு பிறந்த ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், 1999 செப்ரெம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பரம்பரை அலகுச் சிகிச்சைச் சோதனையில் சேர்ந்தார். நோயின் மென்மையான வடிவமே அவருக்கு இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரைகளாலும் அவர் சமாளித்துவந்தார். மருந்து எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அறியும் முதற்கட்டச் சோதனையாகையால் தமக்கு நன்மை எதுவும் எதிர்பார்க்க முடியாது என்பதை அறிந்தே, இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவட்டும் என்று முன்வந்தார். சரியான பரம்பரை அலகைச் சுமந்த வைரஸ் அவருடைய ஈரலுக்குச் செல்லும் நாடியில் செலுத்தப்பட்ட நான்காம் நாள், செப்ரெம்பர் 17 இல், அவர் இறந்தார். பின்னர் நடந்த விசாரணைகளில், மருந்து செலுத்தப்பட்டபோது அவருடைய அமோனியா அளவு சோதனைத் திட்டம் அனுமதித்த எல்லைக்கு மேலே இருந்ததும், இதையொத்த சிகிச்சை பெற்ற குரங்குகள் இறந்த செய்தி அவர் ஒப்பமிட்ட படிவத்தில் இல்லாததும், ஆய்வின் தலைவருக்கு அத்துறை நிறுவனமொன்றில் நிதி நலன் இருந்ததும் வெளிவந்தன.

அந்தச் சோதனையில் கடும் நோயோடு பிறந்த கைக்குழந்தைகளுக்குப் பதிலாக வயதுவந்தவர்களைச் சேர்ப்பது என்று முன்பே முடிவெடுத்திருந்தார்கள். இறந்துகொண்டிருக்கும் குழந்தையின் பெற்றோர் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள், அவர்களால் சுதந்திரமாகச் சம்மதம் கொடுக்க முடியாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதை முழுதாக ஏற்றுக்கொண்டால், நோயால் அதிகம் வருந்துவோருக்கே சோதனையின் கதவு மூடிவிடும். சுமார் 25 ஆண்டுகளின் பின், அதே நகரின் சிறுவர் வைத்தியசாலையில், அதே யூரியாச் சுற்றின் வேறொரு நொதியம் பழுதுபட்ட ஆறு மாதக் குழந்தைக்கு, அதன் பரம்பரை அலகிலுள்ள ஒற்றை எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்து 2025 பெப்ரவரியில் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது. பெற்றோரின் சம்மதத்தோடு நடந்த அந்தச் சிகிச்சைக்குப் பின், குழந்தையால் முன்னரைவிடக் கூடுதலான புரதத்தை உண்ண முடிந்தது. அமோனியாவைக் கட்டுப்படுத்தும் மருந்தின் அளவும் குறைக்கப்பட்டது. அது பலரைச் சேர்த்த சோதனையாக இல்லாமல், ஒரு நோயாளிக்கெனத் தனியாகப் பெற்ற அனுமதியின் கீழ் நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; அந்த மருந்து வேறெந்தப் பிள்ளைக்கும் பொருந்தாது. இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெற்றோரின் ஆசையை அகற்றுவதால் சம்மதம் தூய்மையாகிவிடுவதில்லை என்பதும், தெரிந்த தீங்குகள் எல்லாம் அவர்கள் முன் விரிக்கப்பட்டால்தான் அது சம்மதமாகிறது என்பதும் புலப்படும்.

கொழும்பில் உள்ள வாசல்கள்

இலங்கையில் இந்த வழி பெரும்பாலும் பொரளையில் தொடங்குகிறது. 1895 முதல் இயங்கிவரும் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சந்தேகம் எழுந்து, இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டு, அட்டையில் உலர்த்திய இரத்தப் புள்ளிகள் தேவைப்படும்போது இந்திய ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டு, நோயின் பெயர் தெரியவருகிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் சோதனையில் சேரப் போதாது. எந்தப் பரம்பரை அலகில் எந்தப் பிறழ்வு என்ற அறிக்கையும், நொதியத்தின் அளவும், நோய் தொடங்கிய வயதும் இன்றி எந்தச் சோதனை நிலையமும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்காது. சில பரம்பரை அலகுச் சிகிச்சைகள் குறிப்பிட்ட பிறழ்வுகளுக்கே பொருந்தும். குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் வாய்ப்பும் போய்விடும். கிளினிக் கொப்பியின் பக்கங்களையும் ஒவ்வொரு றிப்போர்ட்டையும் திகதி வரிசையில் பாதுகாத்து வைக்கும் குடும்பம், விண்ணப்பிக்கும் நாளில் பல மாதங்களைச் சேமித்துக்கொள்கிறது.

உள்நாட்டில் நடக்கும் சோதனை எதுவும் மூன்று வாசல்களைக் கடந்துவர வேண்டும். முதலாவது, ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு: மருத்துவர்களோடு மருத்துவர் அல்லாதோரும் இருந்து, பங்குபற்றுவோருக்கு நேரக்கூடிய தீங்கும் பயனும் சமன்செய்யப்பட்டிருக்கின்றனவா என்று ஆராயும் குழு இது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உட்பட நாட்டின் மருத்துவ பீடங்களில் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. இரண்டாவது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி. மூன்றாவது, இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கிய இலங்கை மருந்துச் சோதனைப் பதிவேடு. உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் முதன்மைப் பதிவேடாக ஏற்கப்பட்ட இதை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். சாதகமான முடிவுகள் மாத்திரம் வெளிவந்து பாதகமானவை புதைந்துபோவதைத் தடுப்பதற்காக, முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே சோதனை பதியப்பட வேண்டும் என்ற நிபந்தனையை முன்னணி மருத்துவ ஏடுகள் 2005 முதல் விதித்தன. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ‘ட்ரயல்’ ஒன்றுக்கு யாரேனும் அழைத்தால், அதிலும் மருந்துக்குப் பணம் கேட்டால், அங்கே ஆய்வு எதுவும் நடக்கவில்லை, வியாபாரமே நடக்கிறது என்று கொள்வது பாதுகாப்பானது.

நல்ல சோதனையை இந்நாட்டில் நடத்த முடியாது என்று நினைப்பது தவறு. அனுசேப நோய் அல்லாவிட்டாலும் அதைப்போலவே பின்னிடைவாகக் கடத்தப்படும் தலசீமியாவுக்கு, ஹைட்ரொக்சியூரியா என்ற மலிவான பழைய மருந்து பயன்படுமா என்பதை அறிய, ராகமையிலுள்ள தலசீமியா நிலையத்தில் 60 நோயாளிகளோடு நடந்த சோதனையின் முடிவுகள் 2022 இல் சர்வதேச ஆய்வேட்டில் வெளிவந்தன. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதவாறு மறைக்கப்பட்ட முறையில் அது நடந்தது. பெரிய நிறுவனங்களின் பார்வைக்கு வராத மருந்தை நம் நோயாளிகளுக்குத் தேவையான கேள்விக்காகச் சோதிக்கும் இத்தகைய ஆய்வில், பயன் உறுதியானால் அந்த மருந்து உள்ளூர் அரச வைத்தியசாலையிலேயே தொடர்ந்து கிடைக்கக் கூடியது என்பது பெரிய ஆறுதல்.

படிவத்தின் மொழியும் அற்பமான விடயமல்ல. தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் தமிழில் கேட்பது தமிழ்க் குடும்பத்தின் உரிமை. ஆங்கிலம் தெரிந்த மாமா ஒருவர் சுருக்கிச் சொல்வது அதற்கு ஈடாகாது, ஏனெனில் சுருக்கத்தில் முதலில் காணாமற்போவது தீங்குகளின் பட்டியலே. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க அவகாசம் கேட்கலாம். பிள்ளை விளங்கிக்கொள்ளும் வயதை அடைந்திருந்தால் அதன் இசைவையும் பெற வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் கூறாமல் விலகலாம். விலகியதற்காக வழமையான கிளினிக் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. வைத்தியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதி வளர்ந்த தலைமுறைக்கு, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதும் நல்ல வைத்தியரின் கடமை.

கடலுக்கு அப்பால் சேர்வது

சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போய்வருவது கொழும்புத் தமிழருக்குப் பழகிய வழி. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குருதி உறையாமை நோய்க்கான பரம்பரை அலகுச் சிகிச்சை ஐந்து பேரிடம் சோதிக்கப்பட்டு அதன் முடிவுகள் 2024 டிசெம்பரில் வெளியானதைப் பார்க்கும்போது, முன்னணிச் சோதனைகள் மேற்கு நாடுகளிலேயே நடக்கும் என்ற நிலை மாறிவருவது தெரிகிறது. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், சோதனையால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை வரையறுப்பதோடு, இப்பதிவின் தொடக்கக் கேள்விக்கும் ஒரு விடை தருகின்றன. வேறு சிகிச்சை இல்லாத நோய்க்கான சோதனையில் மருந்து ஒருவருக்குப் பயன்பட்டது என்று ஆய்வாளர் பரிந்துரைத்து, ஒழுக்கநெறிக் குழுவும் ஏற்றால், சோதனை முடிந்த பிறகும் அதை இலவசமாக வழங்கும் பொறுப்பை அவ்விதிகள் சோதனையை நடத்தும் நிறுவனத்தின் மீது வைக்கின்றன. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும், சோதனைக்குப் பிந்திய ஏற்பாடுகள் தொடங்குமுன்பே திட்டமிடப்பட வேண்டும் என்கிறது.

ஆனால் விதி இருப்பதும் ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு அது பொருந்துவதும் ஒன்றல்ல. சோதனை நிலையம் ஒரு நாட்டில், பிள்ளையின் வதிவிடம் இன்னொரு நாட்டில் என்றிருக்கும்போது, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்தைக் குளிரூட்டியபடியே யார் கொண்டுவருவது, இலங்கையில் பதிவுசெய்யப்படாத மருந்தை இறக்குமதி செய்ய யார் அனுமதி பெறுவது, கொழும்பில் எந்த வைத்தியசாலை அதை ஏற்றுவது என்ற கேள்விகள் எழுகின்றன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததைக் கண்ட நாட்டில், ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் டொலர் விலை பெறக்கூடிய நொதியச் சிகிச்சையை அரசு பொறுப்பேற்கும் என்று எண்ணித் திட்டமிட முடியாது. மருந்தால் தேறிய பிள்ளை, மருந்து நின்றபின் மீண்டும் நலிவதைப் பார்ப்பது, சோதனையில் சேராமலிருந்ததைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். தந்தையோ தாயோ வேலையை விட்டு, மற்றப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டு, ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் தங்குவதன் விலையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

எனவே ஒப்பமிடுவதற்கு முன் சோதனை நிலையத்திடம் எழுத்தில் பெற வேண்டிய விடைகள் சில உண்டு: இது எத்தனையாம் கட்டச் சோதனை, பிள்ளைக்கு மருந்து கிடைக்காத குழுவில் சேரும் வாய்ப்பு எவ்வளவு, அக்குழுவினருக்குச் சோதனையின் முடிவில் மருந்து தரப்படுமா, விலங்குகளிடமும் முந்திய நோயாளிகளிடமும் கண்ட தீங்குகள் யாவை, தீங்கு நேர்ந்தால் செலவையும் இழப்பீட்டையும் யார் பொறுப்பார், பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் யார் பணம் தருவார், ஒருமுறை பரம்பரை அலகுச் சிகிச்சை பெற்றால், வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பால் பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த சிகிச்சைக்குத் தகுதியிழக்க நேருமா, நிறுவனம் இடைநடுவில் சோதனையை நிறுத்தினால் என்னவாகும், முடிந்தபின் மருந்து எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த ஊரில் கிடைக்கும். இவற்றைப் பிள்ளையைப் பார்க்கும் கொழும்பு வைத்தியரோடு சேர்ந்து கேட்பது நல்லது, ஏனெனில் சோதனை முடிந்து திரும்பும்போது பிள்ளை மீண்டும் அவருடைய கிளினிக்குக்கே வரப்போகிறது.

தெளிவான விடைகள் கிடைத்து, அவை ஏற்கத்தக்கனவாகவும் இருந்தால், சேர்வது துணிச்சலான, மதிக்கத்தக்க முடிவு. இன்று அனுமதி பெற்றிருக்கும் ஒவ்வொரு மருந்தும் அப்படித் துணிந்த குடும்பங்களின் தோளில் ஏறியே வந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் மழுப்பலான விடை வந்தால், மற்றவை எல்லாம் கவர்ச்சியாக இருந்தாலும் பொறுத்திருப்பதே இலங்கையில் வாழும் குடும்பமொன்றுக்கு அறிவுடைமை. பரம்பரை அலகு அறிக்கையைப் பெற்று வைத்து, நோயாளர் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து, இயல்பு வரலாற்று ஆய்வுகளில் பங்குபற்றியபடி பொறுத்திருக்கும் குடும்பம், அடுத்த சோதனைக்கு இன்றைவிட வலுவான நிலையில் நிற்கும்.